பினாங்கிலிருந்து சென்னைக்கு எவ்வளவு தூரம்?

(பரிசளிப்பு விழாவில் பள்ளியின் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

"கல்வியின் சிறப்பு" என்னும் பொருளில் பேச வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். கல்வியின் சிறப்பை ஆண்டுதோறும் இந்த மேடையில் கேட்டுக் கேட்டு உங்களுக்கு மனப்பாடமே ஆகியிருக்கும். ஆகையால் இன்று நான் சொற்பொழிவு ஆற்றப் போவதில்லை. ஒரு கணக்குப் போடப் போகிறேன். தூரக் கணக்கு. நேரக் கணக்கு. பினாங்கிலிருந்து சென்னைக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வி. விடை தெரிந்த பிள்ளைகள் கடைசிவரை வாயைத் திறக்கக் கூடாது!

இந்தக் கணக்கு எப்படி என் தலைக்குள் வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சில வாரங்களுக்கு முன் பள்ளிக்கு வந்திருந்தபோது ஒரு பையன் என்னிடம், "சார், கெப்பாலா பத்தாஸ்ல ஏர்போர்ட் இருக்காமே! நாம ஏன் பாயான் லெப்பாஸ் போறோம்?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பையன் சொன்னதில் தவறில்லை. கெடா மாநிலத்தில் அலோர் ஸ்டார் பக்கத்திலும் ஒரு கெப்பாலா பத்தாஸ் இருக்கிறது. அலோர் ஸ்டார் விமான நிலையம் அங்கேதான் உள்ளது. ஊர்ப்பெயர் ஒன்று, ஊர் வேறு. நம் கெப்பாலா பத்தாசுக்கு வாய்த்தது விமானச் சத்தம் மட்டும்தான். பட்டர்வொர்த் விமானப்படைத் தளம் பக்கத்தில் இருப்பதால், நான் படித்த காலத்தில் ஆஸ்திரேலியர்களின் மிராஜ் விமானங்கள் பள்ளிக் கூரைக்கு மேலே இடி இடித்தாற்போல் போகும். ஆசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டுச் சத்தம் அடங்கும்வரை காத்திருப்பார். நாங்களோ இன்னொரு விமானம் வராதா என்று காத்திருப்போம்.

சரி, கணக்குக்கு வருவோம்.

பாயான் லெப்பாஸ் விமான நிலையம் 1935ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அங்கிருந்து சென்னை விமான நிலையத்துக்கு உருண்டையான பூமியின்மேல் மிகக் குறுகிய கோடு ஒன்றை இழுத்தால் ஏறத்தாழ 2,370 கிலோமீட்டர் வரும். பழைய கணக்கில் 1,470 மைல். அந்தக் கோடு மலாக்கா நீரிணையைத் தாண்டி, நிக்கோபார் தீவுகளின் மேலாகச் சென்று, வங்காள விரிகுடாவைக் கடந்து சென்னையில் இறங்கும். கோலாலம்பூர் விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 2,630 கிலோமீட்டர். ஆக, கோலாலம்பூர்க்காரர்களைவிட நாம் தமிழ்நாட்டுக்கு 260 கிலோமீட்டர் அருகில் இருக்கிறோம். அப்படியிருந்தும் நேரடி விமானம் இல்லாதபோது நாம் என்ன செய்தோம்? வடமேற்கே இருக்கும் ஊருக்குப் போக, முதலில் தென்கிழக்கே கோலாலம்பூருக்குப் போய், அங்கே காத்துக் கிடந்து, பிறகு திரும்பிப் பறந்தோம். 2024ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் இண்டிகோ நிறுவனம் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே நேரடி விமானத்தை விட்டபோது பலரும் மகிழ்ந்ததற்குக் காரணம் இதுதான்.

இந்த வழியில் பறக்கும் விமானம் மேலே ஏறியபின் மணிக்கு ஏறத்தாழ 830 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். 2,370ஐ 830ஆல் வகுத்துப் பாருங்கள். மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். ஆனால் பயணச் சீட்டில் நான்கு மணி நேரத்தை ஒட்டிப் போட்டிருப்பார்கள். ஏன்? விமானம் தரையில் ஊர்ந்து ஓடுபாதைக்கு வர வேண்டும், ஏற வேண்டும், வரிசையில் காத்து இறங்க வேண்டும். பஸ் வேகமாக ஓடுவது வேறு, பஸ் ஊர் போய்ச் சேருவது வேறு அல்லவா? அதுபோலத்தான்.

காற்றும் இந்தக் கணக்கில் கை வைக்கும். ஜூன், ஜூலை மாதங்களில் கடல்மட்டத்தில் தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. அது இந்தியாவிலிருந்து நம் பக்கம் தள்ளும் காற்று. அதே மாதங்களில் தென்னிந்தியாவுக்கு மேலே, மிக உயரத்தில், நேர்மாறாகக் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெருங்காற்று ஓடுகிறது. அதை ஆராய்ந்து உலகுக்கு எடுத்துச் சொன்னவர் கோட்டீஸ்வரம் என்னும் இந்திய வானிலை அறிஞர். 1950களில் அவர் அதைப் பற்றி எழுதினார். கீழே கப்பலைக் கிழக்கே தள்ளும் காலத்தில், மேலே விமானத்தை மேற்கே தள்ளும் காற்று! இயற்கையின் வேடிக்கையைப் பாருங்கள்.

இப்போது மாணவர்களுக்கு ஒரு கேள்வி. காலை 10 மணிக்குப் பினாங்கிலிருந்து ஒரு விமானம் புறப்படுகிறது. சென்னையில் இறங்கும்போது அங்கே சுவர்க் கடிகாரத்தில் மணி 11.30. அப்படியானால் பயண நேரம் ஒன்றரை மணியா? "ஆமாம்" என்று தலையாட்டிய பிள்ளைகளைப் பார்த்துவிட்டேன்! நம் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதையும் கூட்டினால் நான்கு மணி. திரும்பி வரும்போது இரவு 10 மணிக்குப் புறப்பட்டு நான்கு மணி நேரம் பறந்தால், இங்கே விடியற்காலை 4.30 ஆகியிருக்கும். போகும்போது கிடைத்த இரண்டரை மணி நேரத்தை வரும்போது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கடன் கடன்தான்.

அந்த இரண்டரை மணி எப்போதும் இரண்டரையாக இருந்ததா? இல்லை. நான் சிறுவனாக இருந்தபோது இரண்டு மணிதான். 1982ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி, சபா சரவாக்கோடு ஒரே நேரத்துக்கு வந்தது. அன்று முதல் வித்தியாசம் இரண்டரையானது. சூரியனைக் கேட்டால் இந்த இரண்டையும் ஒப்புக்கொள்ளாது. பினாங்குக்கும் சென்னைக்கும் தீர்க்கரேகையில் 20 பாகை வித்தியாசம். ஒரு பாகைக்கு 4 நிமிடம். இருபதை நான்கால் பெருக்கினால் 80 நிமிடம். நம் தலைக்கு மேல் நிற்கும் உச்சிச் சூரியன் ஒரு மணி இருபது நிமிடத்தில் சென்னைக்குப் போய்விடுகிறது. விமானத்தைவிட வேகம்! சீட்டும் வேண்டாம், கடவுச்சீட்டும் வேண்டாம்.

பெரியோர்களே, இதுவரை பிள்ளைகளுக்குச் சொன்ன கணக்கு. இனி நமக்கான கணக்கு.

2,370 கிலோமீட்டர் என்பது மாறாத எண். பட்டினப்பாலை பாடிய காலத்திலும் அதே தூரம், இன்றும் அதே தூரம். பூம்புகாரில் வந்து குவிந்த பொருள்களில் காழகத்துப் பொருளையும் அந்த நூல் சேர்த்துச் சொல்கிறது. காழகம் என்றால் கடாரம் என்று பழைய உரைகாரர் எழுதினார். கடாரம் எங்கே? மூடா ஆற்றைத் தாண்டினால் கெடா. அங்கே மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கின் பழங்கோயில் அடித்தளங்கள் இருக்கின்றன, அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை அழைத்துப் போய்க் காட்டலாம். முதலாம் இராசராச சோழன் காலத்தில் கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் ஒன்று எழுப்பினான். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் மானியமாக விடப்பட்டதைச் செப்பேடு கூறுகிறது. பிறகு 1025ஆம் ஆண்டு வாக்கில் இராசேந்திரனின் கப்பற்படை கடாரத்தின்மேல் வந்தது. நட்பும் வந்தது, படையும் வந்தது. இரண்டுமே இதே கடல் வழியாகத்தான்.

அந்தக் காலத்துப் பாய்க்கப்பலுக்குப் பயண நேரம் எத்தனை நாள் என்று கேட்டால், நாளைச் சொல்லக் கூடாது, பருவத்தைச் சொல்ல வேண்டும். தென்மேற்குக் காற்றில் இங்கே வர வேண்டும். திரும்பிப் போக வடகிழக்குக் காற்று எழும்வரை காத்திருக்க வேண்டும். காற்று வராவிட்டால் அரசனாயிருந்தாலும் கரையில் உட்கார வேண்டியதுதான்.

பிறகு நீராவிக் கப்பல் வந்தது. காற்றுக்குக் காத்திருப்பது நின்றது. நம் முன்னோர் சஞ்சிக்கூலிகளாகவும், பின்னர்க் கங்காணிகளோடும் இந்த மாநிலத்துக் கரும்புத் தோட்டங்களுக்கும் ரப்பர்த் தோட்டங்களுக்கும் வந்தது அந்தக் கப்பல்களில்தான். மணிக்கு 12 கடல் மைல் ஓடும் கப்பலுக்கு இந்தத் தூரத்தைக் கடக்க இரவு பகலாக நாலைந்து நாள் பிடிக்கும். வந்து சேர்ந்தும் உடனே கரையேற விடமாட்டார்கள். பாயான் லெப்பாசுக்கு எதிரே கடலில் தெரிகிறதே பூலாவ் ஜெரெஜாக், அந்தத் தீவில் நோய்த்தடுப்பு முகாம் இருந்தது. அங்கே வைத்திருந்து பிறகுதான் தோட்டத்துக்கு அனுப்புவார்கள். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. அதன்பின் போனவர்களும் வந்தவர்களும் பெரும்பாலும் சொந்தக் காசில்தான் கப்பலேறினார்கள்.

அந்தக் கப்பல்களில் நம் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் பெயர் சொல்லிப் பேசுவது "ரஜூலா". 1926இல் கட்டப்பட்ட கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. அந்தக் கப்பலை நான் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். 1970ஆம் ஆண்டு. எனக்கு வயது 11. இதே பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன்.

என் அத்தை, அப்பாவின் தங்கை, இங்கேதான் பிறந்தவர். இந்தப் பள்ளியில் நான்காம் வகுப்புவரை படித்தவர். பிறகு பால்மரம் வெட்டப் போனார். அவரிடம் நீல அடையாளக் கார்டு இருந்தது. அவரைக் கட்டிய மாமா சிறு வயதில் ஊரிலிருந்து வந்தவர். அவரிடம் இருந்தது சிவப்புக் கார்டு. "குடியுரிமைக்கு எழுதிப் போடு" என்று எத்தனையோ பேர் சொன்னார்களாம். "அதுக்கென்ன அவசரம், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று மாமா விட்டுவிட்டார். மலாயில் பேசுவதற்குக் கூச்சம். பாரம் நிரப்பத் தெரியாது. ஒரு நாள் வெட்டை விட்டுவிட்டு ஆபீசுக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். அவர் சோம்பேறி அல்லர், பெரியோர்களே. அதிகாலையில் பிரட்டுக்குப் போகும் மனிதன் சோம்பேறியாக இருக்க முடியுமா?

1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்றார்கள். 1969, 70ஆம் ஆண்டுகளில் அது நடைமுறைக்கு வந்தபோது, சிவப்புக் கார்டு வைத்திருந்த நம்மவர் பல்லாயிரம் பேர் மூட்டை கட்டினார்கள். மாமாவும் கட்டினார். அத்தை இரண்டு வயதுப் பெண்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடவே கிளம்பினார். பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறி ஜார்ஜ்டவுன் துறைமுகத்துக்குப் போனோம். தகரப் பெட்டி, பாய், சுருட்டிய மெத்தை, ஒரு டின் பிஸ்கட். கப்பல் கிளம்பும்போது பாட்டி அழவில்லை. கரையில் நின்றுகொண்டு என்னிடம், "ஏம்ப்பா, நீ பள்ளிக்கூடம் போற பையன்தானே? நாகப்பட்டினம் எவ்வளவு தூரம்?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. மறுநாள் வகுப்பாசிரியரிடம் கேட்டேன். அவர் சுவரில் தொங்கிய ஆசியப் படத்தைக் காட்டி, ஒரு நூல் துண்டைக் கொடுத்து, பினாங்கிலிருந்து நாகப்பட்டினம்வரை அளந்து, படத்தின் கீழே உள்ள அளவுகோலில் வைத்துப் பார் என்றார். ஏறக்குறைய 1,450 மைல் வந்தது. ஓடிப் போய்ப் பாட்டியிடம் சொன்னேன். பாட்டிக்கு மைல் புரியவில்லை. "நடந்தா எத்தனை நாள் ஆகும்?" என்றார். "கடல்மேல எப்படிப் பாட்டி நடக்கிறது?" என்றேன். "நீ கணக்கைச் சொல்லுடா" என்றார். நாளைக்கு 20 மைல் என்று வைத்துப் பார்த்தால் 72 நாளுக்குக் கொஞ்சம் மேலே. பாட்டி விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்ப, தீபாவளிக்குக் கிளம்பினா தைப்பொங்கல் தாண்டிடும்" என்றார். பள்ளியில் நான் கற்ற கணக்கு ஒருவருக்குத் தேவைப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.

ரஜூலாவுக்குப் பிறகு எம்.வி. சிதம்பரம் என்னும் கப்பல் ஓடியது. அதில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தார்கள். அதோடு அந்தக் கப்பல் பயணம் முடிந்தது. எங்கள் பாட்டி அதற்கு முன்பே, 1983இல் காலமாகிவிட்டார். அத்தைக்குத் தந்தி கொடுத்தோம். தந்தி கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது இங்கே பால் ஊற்றி முடித்திருந்தோம். அத்தை எழுதிய நீலக் கடிதம் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து வந்தது. அதில் பாதி எழுத்து கண்ணீர் பட்டு அழிந்திருந்தது. அந்தக் காலத்திலும் ஆகாய விமானம் இருந்தது. ஆனால் அது யாருக்காக இருந்தது? வெட்டுக்காரர் வீட்டுக்கு அது வானத்தில் கேட்கும் சத்தம் மட்டுமே.

இதிலிருந்து நான் ஒன்று தெரிந்துகொண்டேன். தூரத்தை யாராலும் குறைக்க முடியாது. நேரத்தைத்தான் குறைக்க முடியும். அதைக் குறைப்பவை மூன்று. ஒன்று அறிவு. காற்றை அறிந்தவன் பாய் கட்டினான், நீராவியை அறிந்தவன் கப்பலை ஓட்டினான், இன்னும் அறிந்தவன் விமானத்தைப் பறக்க விட்டான். இரண்டாவது பணம். அதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது காகிதம். பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு, கடவுச்சீட்டு. அறிவும் பணமும் இருந்து இந்தக் காகிதம் இல்லாவிட்டால், நான்கு மணி நேரப் பயணம் ஆயுள் முழுவதும் ஆனாலும் முடியாத பயணமாகிவிடும். என் மாமாவின் குடும்பத்தை இரண்டாக வெட்டியது கடல் அல்ல. எழுதிப் போடாத ஒரு பாரம்.

பெற்றோர்களே, இன்றும் நம்மவரில் சில குடும்பங்களில் பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் சரியாக இல்லை, பெற்றோர் திருமணம் பதியவில்லை என்று தேர்வு நேரத்தில் அலைவதைப் பார்க்கிறோம். வெட்கப்பட வேண்டாம். தள்ளிப் போட வேண்டாம். குழந்தை பிறந்தால் உடனே பதியுங்கள். திருமணத்தைப் பதியுங்கள். பிள்ளைக்குப் 12 வயதானால் அடையாளக் கார்டுக்கு அழைத்துப் போங்கள். பாரம் நிரப்பத் தெரியாவிட்டால் இந்தப் பள்ளி ஆசிரியர்களைக் கேளுங்கள், என்னையும் கேளுங்கள். ஒரு நாள் சம்பளம் போனால் அடுத்த மாதம் ஈடுகட்டலாம். போன தலைமுறையை ஈடுகட்ட முடியாது.

மூன்று என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். நான்காவது ஒன்று இருப்பதை என் அத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

சென்ற ஆண்டு, 2025இல், என் மகன் சீட்டு எடுத்துக் கொடுக்க, அந்த நேரடி விமானத்தில் சென்னைக்குப் போனேன். இங்கிருந்து பாலத்தைக் கடந்து பாயான் லெப்பாஸ் போக ஒரு மணிக்கு மேல். அங்கே சோதனைகளுக்காக மூன்று மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். வானத்தில் நான்கு மணிக்குள்தான். பிறகு சென்னையிலிருந்து நாகப்பட்டினத்துக்குப் பஸ். 300 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ எட்டு மணி நேரம்! 2,370 கிலோமீட்டரை நான்கு மணியில் கடந்தவன், கடைசி 300 கிலோமீட்டருக்கு அதைப் போல் இரண்டு மடங்கு நேரம் இடுப்பொடிய உட்கார்ந்திருந்தேன். விமான நேரம் வேறு, வீடு போய்ச் சேரும் நேரம் வேறு என்பதை மறந்துவிடாதீர்கள்.

அத்தைக்கு இப்போது 79 வயது. மாமா இல்லை. அன்று இடுப்பில் இருந்த குழந்தைக்கே பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த அத்தை என்னை அடையாளம் கண்டு, கையைப் பிடித்து, முகத்தைத் தடவிப் பார்த்து, "வர எவ்வளவு நேரம் ஆச்சு, தம்பி?" என்றார்.

நான் பெருமையோடு, "விமானத்துல நாலு மணி நேரம்தான் அத்தை" என்றேன்.

அத்தை சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்: "நாலு மணி நேரந்தானா? அப்ப ஏண்டாப்பா இத்தனை வருஷமா வரல?"

பெரியோர்களே, எனக்குப் பதில் இல்லை. ஆசிரியர் வேலை பார்த்தவன் நான். கையில் நீலக் கார்டும் கடவுச்சீட்டும் இருந்தன. கோலாலம்பூர் வழியாக விமானம் எத்தனையோ ஆண்டுகளாகப் போய்க்கொண்டுதான் இருந்தது. பிள்ளைகள் படிப்பு முடியட்டும், வீட்டுக் கடன் தீரட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளினேன். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொன்ன மாமாவைப் படிக்காதவர் என்று குறை சொன்னவன் நான். படித்த நானும் அதையேதான் ஐம்பத்தைந்து ஆண்டு சொல்லியிருக்கிறேன். அறிவு, பணம், காகிதம் மூன்றும் இருந்தும் மனம் கிளம்பாவிட்டால் விமானம் என்ன செய்யும்? அதுதான் நான்காவது.

அத்தை என்னை அதற்குமேல் கடியவில்லை. கேழ்வரகு அடை சுட்டுப் போட்டார். தோட்டத்தைப் பற்றிக் கேட்டார். ரப்பர் மரங்களெல்லாம் போய்ச் செம்பனை வந்துவிட்டது என்றேன். லயத்து வீடுகள் இருக்கின்றனவா என்றார். இல்லை என்றேன். பாட்டியை அடக்கம் செய்த இடம் இருக்கிறதா என்றார். இருக்கிறது, பொங்கலுக்கு முன் போய்ப் புல் வெட்டுகிறோம் என்றேன். கடைசியாக, "பள்ளிக்கூடம் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு அத்தை. பிள்ளைங்க படிக்குதுங்க. வருஷா வருஷம் பரிசு கொடுக்கிறாங்க."

அவர் உள்ளே போய் ஒரு மஞ்சள்பையிலிருந்து 500 ரூபாய் நோட்டுகள் நான்கை எடுத்து வந்து என் கையில் வைத்தார். "நான் நாலாவதோட நின்னுட்டேன். எனக்கு யாரும் பரிசு கொடுக்கல. நல்லாப் படிக்கிற ஒரு பொட்டப்பிள்ளைக்கு ஏதாச்சும் வாங்கிக் குடு" என்றார்.

அந்தப் பணத்தை ரிங்கிட்டாக மாற்றி, கொஞ்சம் நானும் சேர்த்து, ஒரு பெரிய உலக வரைபட நூல் வாங்கி வந்திருக்கிறேன். கணக்கில் முதலாவதாக வந்த ஆறாம் ஆண்டு மாணவிக்கு இன்று அது பரிசு. அம்மா, உனக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் புத்தகத்தில் ஆசியப் படத்தைத் திற. ஒரு நூல் எடுத்துப் பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்கு அளந்து பார். வரும் எண் சரியா என்று எனக்கு வந்து சொல். அத்தைக்கு அதை எழுதி அனுப்புகிறேன்.

அத்தை இங்கு வர வேண்டும் என்று ஆசைப்படுகிறார். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் 30 நாள்வரை விசா இல்லாமல் வரலாம் என்று 2023 டிசம்பர் முதல் மலேசியா அனுமதித்தது. பிறந்த ஊருக்கு ஒருவர் சுற்றுப்பயணியாக வர வேண்டியிருப்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. இருந்தாலும் வரட்டும். கடவுச்சீட்டுக்கு எழுதிப் போட நானே பக்கத்தில் உட்கார்ந்து பாரத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். இந்த முறை "அப்புறம்" என்று சொல்லவில்லை. அடுத்த பரிசளிப்பு விழாவில், முன் வரிசையில் ஒரு நாற்காலியை அவருக்காகப் போட்டு வைக்கும்படி தலைமையாசிரியரைக் கேட்டிருக்கிறேன்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் நாளை எங்கெங்கோ பறந்து போவீர்கள். லண்டனுக்கும் தோக்கியோவுக்கும் போவீர்கள். போங்கள். தூரத்தைக் கணக்கிடக் கற்றுக்கொள்ளுங்கள், நேரத்தைக் குறைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் நான்கு மணி நேரத்தில் போய்ப் பார்க்கக்கூடிய ஒருவரை ஐம்பத்தைந்து ஆண்டு காக்க வைக்காதீர்கள். வீட்டில் பாட்டி இருந்தால், பக்கத்து அறையில்தானே இருக்கிறார்? அந்தத் தூரத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று இன்று மாலையே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பரிசு பெறும் பிள்ளைகளுக்கு என் வாழ்த்துகள். இவ்வாண்டு பெறாத பிள்ளைகளுக்கு அடுத்த ஆண்டுக்கான வாழ்த்துகள்.